நாய் ஐசியூவில், அட்வான்ஸ் கேட்கிறார்கள், கையில் மூன்றில் ஒரு பங்குதான்: என்ன வழி?

நாலுகால்
4 மாதக் குட்டி, எடை 8 கிலோ. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, ஸ்னாப் டெஸ்டில் (சில நிமிடத்தில் முடிவு தெரியும் உடனடி டெஸ்ட்) பார்வோ வைரஸ் பாசிட்டிவ். எஸ்டிமேட்டில் இரண்டு தொகை போட்டிருக்கிறார்கள். மேல் தொகை கீழ்த் தொகையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கீழ்த் தொகையை இப்போதே அட்வான்ஸாகக் கட்ட வேண்டுமாம். கையில் இருப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. இன்ஷூரன்ஸ் இல்லை. கடன், நன்கொடை, வேறு ஆஸ்பத்திரி என்று மூன்று யோசனை ஓடுகிறது. எதை முதலில் செய்வது? சிகிச்சையைக் குறைத்துக்கொண்டால் பிழைக்குமா?

இரவு_டியூட்டி
முதல் வேலை கடன் கேட்பது இல்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வது. "இவ்வளவுதான் முடியும், இதற்குள் எது இவனுக்கு அதிகம் உதவும்?" என்று கேளுங்கள்.

எஸ்டிமேட் என்பது டாக்டர் மனதிலுள்ள முதல் திட்டத்தின் விலை. அதுவே ஒரே திட்டம் என்று நினைத்துக்கொண்டு முடியும், முடியாது என்று பதில் சொல்லப் போவதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். தொகை தெரியாதவரை டாக்டர் பாடப்புத்தகத் திட்டத்தைத்தான் எழுதுவார், எழுதவும் வேண்டும். தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவது திட்டம் வெளியே வரும். கடைசியில் சொன்னால் சிக்கல். டெஸ்டுகளுக்கே பாதிப் பணம் போயிருக்கும், நோயின் பெயர் தெரியும், மருந்துக்குக் காசு இருக்காது. இதைவிட மோசமான செலவு இந்தத் துறையில் இல்லை.

நாலுகால்
பணம் குறைவு என்று சொன்னால் கவனிப்பும் குறையாதா?

இரவு_டியூட்டி
கவனிப்பு குறையாது, பட்டியல் குறையும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதன் முடிவைப் பார்த்து நீங்கள் செய்யப்போவது மாறுமா?" மாறாது என்றால் தள்ளிவையுங்கள்.

பார்வோ குட்டியில் மாறக்கூடியவை: ரத்தச் சர்க்கரை, பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), மொத்தப் புரதம், எலக்ட்ரோலைட் (பொட்டாசியம், சோடியம் போன்ற உப்புகள்). முதல் மூன்றுக்கும் சில சொட்டு ரத்தமும் சில நிமிடமும் போதும், மலிவானவை. சர்க்கரை இறங்கியிருந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பொட்டாசியம் குறைந்திருந்தால் டிரிப்ஸில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குடல் அசையாமல் வாந்தி நிற்காது. வெள்ளணு எண்ணிக்கையை முதல் நாள் பார்ப்பதைவிட 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பது பயனுள்ளது. ஏறத் தொடங்கினால் நல்ல அறிகுறி. மேற்கொண்டு செலவழிப்பதா என்று முடிவெடுக்க உதவும்.

வயிற்று ஸ்கேன் எப்போது? குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட சந்தேகம் இருந்தால், வயிற்றில் கட்டிபோல் கைக்குத் தட்டுப்பட்டால். அப்படி இல்லையென்றால் முதல் நாள் வேண்டாம். ஓசெல்டாமிவிர் (ஃப்ளூ வைரஸ் மருந்து), வெள்ளணு ஊக்க ஊசி போன்றவை பட்டியலில் இருந்தால் அவசியமா என்று கேளுங்கள். ஆதாரம் வலுவாக இல்லாத மருந்துக்கு, பணம் நெருக்கடியான நேரத்தில் முதலிடம் கிடையாது.

பில்_கவுன்டர்
எஸ்டிமேட்டைப் படிக்கும் விதம். மேல் தொகையும் கீழ்த் தொகையும் எங்கே பிரிகின்றன என்று வரிவரியாகக் கேளுங்கள். பார்வோவில் பெரும்பாலும் மூன்று இடம்: தங்கும் நாள் 3-ஆ 6-ஆ, பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவார்களா, மூக்கு வழி உணவு செலுத்தும் குழாய் போடுவார்களா. இவை "தேவைப்பட்டால்" வகை. கையெழுத்துப் போடும்போதே "இந்த மூன்றில் எதைத் தொடங்கும் முன்னும் எனக்குப் போன் செய்யவும்" என்று தாளில் எழுதச் சொல்லுங்கள்.

கூடவே, பில் கீழ்த் தொகையில் முக்கால்வாசியைத் தொட்டதும் தகவல் வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். கையெழுத்திட்ட எஸ்டிமேட் நிலையான விலை அல்ல, சம்மதம் மட்டுமே. ராத்திரி நிலைமை மாறினால் பில்லும் மாறும்.

ஒரு நாளைக்கான வரிகளையும் பாருங்கள். "தீவிர கண்காணிப்பு" என்ற வரி தனியாகவும், வார்டு வாடகை தனியாகவும், டிரிப்ஸ் பம்ப் தனியாகவும் இருக்கும். எலக்ட்ரோலைட் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று இருந்தால், நிலையான பிறகு ஒரு தடவையாகக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். கவுன்டரில் கேட்டுப் பயனில்லை. எங்களால் தள்ளுபடி போட முடியும், அது எப்போதாவது. வரியை நீக்க டாக்டரால் மட்டுமே முடியும்.

அட்வான்ஸ் விஷயம்: 24 மணி நேரத்துக்கான தொகையை மட்டும் இப்போது கட்டி, தினமும் காலை மிச்சம் கட்டும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும், தாமாகச் சொல்ல மாட்டார்கள். மீதமிருந்தால் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் இப்போதே கேளுங்கள்.

இரவு_டியூட்டி
இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி. அட்மிட் பண்ணுவதே முதல் தேர்வு, அதில் சந்தேகமில்லை. அது முடியவே முடியாது என்றால் "ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு" என்பது அடுத்த படி அல்ல. நடுவில் ஒன்று இருக்கிறது.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 பார்வோ நாய்களை வைத்து ஒப்பிட்டார்கள். உள்நோயாளிக் குழுவில் 90 சதவீதம் பிழைத்தன, வெளிநோயாளிக் குழுவில் 80. சிறிய ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். அங்கே வெளிநோயாளிகளுக்கும் முதலில் நரம்பு வழி திரவம் ஏற்றி அதிர்ச்சி நிலையை (ரத்த ஓட்டம் சரிந்த நிலை) சரிசெய்த பிறகுதான் மற்றது. எலக்ட்ரோலைட், சர்க்கரை தினமும் பார்த்தார்கள். அதனால் 80 என்பது "வீட்டில் பார்த்துக்கொண்டால்" கிடைக்கும் எண் இல்லை, தினமும் டாக்டர் கண்ணில் படும் குட்டிக்கான எண்.

ஆகவே கேட்க வேண்டியது: "இன்று சில மணி நேரம் நரம்பில் டிரிப்ஸ் போட்டு நிலைப்படுத்துங்கள். பிறகு தினமும் காலையில் கொண்டுவருகிறேன். வெளிநோயாளித் திட்டம் போட முடியுமா?"

வார்டு_நர்ஸ்
அந்தத் திட்டம் கையில் எப்படி இருக்கும்னு எழுதுறேன். 8 கிலோ கணக்கு. இதைப் பார்த்து நீங்களா ஆரம்பிக்காதீங்க. டாக்டர் எழுதித் தர்ற சீட்டு உங்களுக்குப் புரியணும், அதுக்குத்தான்.

தோலுக்கடியில திரவம்: ஒரு நாளைக்கு கிலோவுக்கு 120 மி.லி., மூணு வேளையாப் பிரிச்சா வேளைக்கு 320 மி.லி. இது பெரிய அளவு. ஒரே இடத்துல விட்டா வலியில குட்டி துள்ளும், ஊசி வெளியே வந்துடும். முதுகுல மூணு நாலு இடமாப் பிரிச்சு விடணும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீர்ல கொஞ்ச நேரம் வெச்சு, உள்கையில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க, சூடே தெரியக்கூடாது. ரிங்கர் லாக்டேட் மாதிரி சமநிலைத் திரவம்தான். 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலைத் தோலுக்கடியில விடவே கூடாது, அந்த இடம் புண்ணாகும், உப்புச் சமநிலையும் கெடும்.

ரொம்ப முக்கியமான விஷயம்: முந்தின வேளை விட்ட வீக்கம் எட்டு மணி நேரம் ஆகியும் அப்படியே தொங்கிட்டிருந்தா மேல இன்னும் விடாதீங்க. தோலுக்கு ரத்த ஓட்டம் போகலைன்னு அர்த்தம். நேரா ஆஸ்பத்திரி.

வாந்திக்கு மாரோபிடென்ட் கிலோவுக்கு 1 மி.கி., நாளைக்கு ஒரு தடவை. ஊசி மருந்து 1 மி.லி.க்கு 10 மி.கி., ஆக 0.8 மி.லி. எரியும், ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்து குளிர்ச்சியாப் போட்டா எரிச்சல் குறையும். ஆன்டிபயாட்டிக்குக்கு அந்த ஆய்வுல செஃபோவெசின் ஒரே ஊசி, கிலோவுக்கு 8 மி.கி. வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் எதுக்குன்னு கேப்பாங்க. குடல் சுவர் பிய்ஞ்சு கிருமி ரத்தத்துல ஏறுது, எதிர்க்க வெள்ளணு இல்லை, அதுக்கு.

பட்டினி போடாதீங்க. வாந்தி கட்டுக்குள்ள வந்ததும் கூழாக் கரைச்ச உணவு சிரிஞ்சுல கிலோவுக்கு 1 மி.லி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. தலையைத் தூக்கிப் பிடிச்சு வாய்ல பீய்ச்சினா நுரையீரலுக்குப் போயிடும். கன்னத்துப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமா, முழுங்குறதப் பாத்துட்டு அடுத்தது.

ஈறைத் தொட்டுப் பாருங்க. அழுத்தி விட்டா 2 செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். வெளுத்து ஒட்டுற மாதிரி இருந்தாலோ, தலை தூக்க முடியலைன்னாலோ, உடம்பு சில்லுனு ஆனாலோ வீட்டுத் திட்டம் அத்தோட முடிஞ்சது. அந்த ஒரு ராத்திரிக்கான பணத்தை ஒதுக்கி வெச்சுட்டுத்தான் வெளிநோயாளித் திட்டமே ஆரம்பிக்கணும்.

எதிர்வாதம்
ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இந்தக் "குறைத்த திட்டம்" பேச்சு எல்லா நோய்க்கும் ஒத்துவராது. படிப்பவர்கள் வயிறு முறுக்கிய நாயை வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.

இரவு_டியூட்டி
சரியான இடத்தில் பிடித்தீர்கள். காத்திருந்தால் விலை ஏறும் நோய்களைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

வயிறு ஊதி முறுக்குதல். பெரிய, ஆழ்ந்த மார்புள்ள நாய், வாந்தி எடுக்க முயன்று ஒன்றும் வராது, வயிறு மேளம் மாதிரி. இதற்கு மாத்திரை வழி கிடையாது. காற்றை இறக்குவது முதலுதவி, அறுவை சிகிச்சைதான் தீர்வு. தாமதித்தால் வயிற்றுச் சுவர் அழுகும், மண்ணீரலையும் எடுக்க வேண்டிவரும், இதயத் துடிப்பு தாறுமாறாகி இரண்டு மூன்று நாள் கண்காணிப்பு கூடும். ஒவ்வொன்றும் பில்லில் ஒரு வரி. வயிற்றை விலாச் சுவரோடு தைக்கும் வேலையை மட்டும் காசு மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. தைக்காத நாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரும்ப வரும், தைத்தால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு.

கருப்பையில் சீழ். தீட்டு முடிந்து 4 முதல் 8 வாரத்தில் பெண் நாய் அதிகம் தண்ணீர் குடிக்கிறது, சோர்வு. சீழ் வெளியே வராத வகைதான் ஆபத்து, உடைந்தால் வயிற்றறை முழுக்கப் பரவும். இன்று செய்தால் கருப்பை நீக்கம். உடைந்த பிறகு செய்தால் அதே அறுவை, கூடவே வயிற்றுக் கழுவல், ஐசியூ.

எலி விஷத்திலும் காத்திருந்தால் விலை ஏறும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகையைத் தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைத்தால் மிகக் குறைந்த செலவு. நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டால் 3 முதல் 5 நாளில் நெஞ்சுக்குள் ரத்தம் கசியும், அப்போது பிளாஸ்மா, ஆக்ஸிஜன். நடுவழியும் உண்டு: வைட்டமின் கே1 மாத்திரை 3, 4 வாரம், உணவோடு. கடைசி மாத்திரைக்கு 48 முதல் 72 மணி நேரம் கழித்து உறைதல் டெஸ்ட். அந்த டெஸ்டை மிச்சம் பிடிக்காதீர்கள். விஷப் பாக்கெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். எந்த விஷம் என்று அந்த அட்டையிலேயே எழுதியிருக்கும், தெரியாமல் தேடும் செலவு மிச்சம். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சோடியம் ஏறி அதுவே தனி நோயாகிவிடும்.

தவணை_கணக்கு
கடன் பக்கம். "வட்டியில்லாத் தவணை" இரண்டு வகை. ஒன்று உண்மையிலேயே வட்டி இல்லாதது, செயல்முறைக் கட்டணம் மட்டும். இன்னொன்று வட்டியைத் தள்ளிவைப்பது. சலுகைக் காலம் முடியும் நாளில் கொஞ்சம் பாக்கி நின்றால்கூட முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்கும் வட்டி விழும். தாளில் "சலுகைக் காலத்துக்குள் முழுத் தொகையும் செலுத்தாவிட்டால்" என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். இந்த வகையில் மாட்டியிருந்தால் 12 மாதக் கடனை 11-ஆல் வகுத்துக் கட்டுங்கள். அவர்கள் காட்டும் குறைந்தபட்சத் தவணையை மட்டும் கட்டிவந்தால் கடைசியில் பாக்கி நிற்கும்படிதான் அது பெரும்பாலும் அமைந்திருக்கும்.

மேல் தொகைக்கு அனுமதி வாங்குங்கள், கீழ்த் தொகையை மட்டும் எடுங்கள். பாதி ராத்திரியில் இரண்டாவது விண்ணப்பம் போடுவது கஷ்டம்.

நன்கொடைப்_பெட்டி
நிதி திரட்டுவதில் எல்லாரும் தவறவிடுவது நேரம். தளத்தில் பணம் சேர்வது வேறு, உங்கள் கணக்குக்கு வருவது வேறு; நடுவில் சில நாள் போகும், கட்டணமும் பிடிப்பார்கள். இன்றைய அட்வான்ஸுக்கு அது உதவாது. இன்று ஒருவரிடம் கைமாற்று, நன்கொடை வந்ததும் அடைப்பது என்று திட்டமிடுங்கள்.

பதிவில் இருக்க வேண்டியவை: எஸ்டிமேட்டின் படம் (முகவரி, கையெழுத்து மறைத்து), ஆஸ்பத்திரியின் நோயாளி எண், ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேராகக் கட்டும் வழி, இதுவரை எவ்வளவு கட்டியாயிற்று, இன்னும் எவ்வளவு வேண்டும். நேராகக் கட்டும் வழி இல்லாத பதிவைத் தெரியாதவர்கள் நம்ப மாட்டார்கள், நம்பாததில் தப்பும் இல்லை. அதே புகைப்படத்தைத் திருடி வசூலிப்பவர்கள் உண்டு. நாயின் முகத்துக்குப் பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்து ஒரு படம் எடுங்கள். இன்னொன்று, நாய் இறந்துபோனால் மீதி என்னாகும் என்பதை முதல் பதிவிலேயே எழுதுங்கள். அப்புறம் எழுதினால் வேறு மாதிரி படிக்கப்படும்.

பில்_கவுன்டர்
இதோடு சேர்த்து: வெளியார் ஆஸ்பத்திரியில் கட்டும்போது நோயாளி எண்ணைச் சொல்லாமல் "அந்தப் பழுப்பு நாய்க்கு" என்று கட்டிவிட்டுப் போகிறார்கள். எந்தப் பழுப்பு நாய்?

கிளெய்ம்_மேசை
இந்தக் குட்டிக்கு இப்போது இன்ஷூரன்ஸ் எடுத்துப் பயனில்லை. நோய் தொடங்கிய பிறகு எடுத்த பாலிசி அந்த நோய்க்குத் தராது, நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு, பரவலாக 14 நாள். பாலிசி இருப்பவர்களுக்குச் சொல்கிறேன், நிராகரிப்பு பெரும்பாலும் மருத்துவக் குறிப்பில் ஒரு வரியால் வருகிறது. "இரண்டு வாரமாக அவ்வப்போது வாந்தி" என்று உரிமையாளர் பதற்றத்தில் சொல்வார், டாக்டர் அப்படியே எழுதுவார், பாலிசி பத்து நாள் முன்புதான் தொடங்கியிருக்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை. தேதி தெரிந்தால் தேதியைச் சொல்லுங்கள், குத்துமதிப்பாக நீட்டாதீர்கள்.

பெரும்பாலான பாலிசிகள் நீங்கள் கட்டிய பிறகு திருப்பித் தருபவை. அதனால் பாலிசி இருந்தாலும் அட்வான்ஸ் உங்கள் பொறுப்பு. நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டுமா, முன் அனுமதி உண்டா என்று அட்மிட் ஆன அன்றே கேட்டுவிடுங்கள். "மொத்தம் இவ்வளவு" என்ற ஒற்றை வரி பில்லை வைத்து எதுவும் செய்ய முடியாது; வரிவரியான பில், முந்தைய எல்லா ஆஸ்பத்திரியின் குறிப்புகள், மைக்ரோசிப் (நாயின் தோலுக்கடியில் இருக்கும் அடையாளச் சிப்) எண் எல்லாம் வேண்டும்.

எதிர்வாதம்
வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லையே.

இரவு_டியூட்டி
மாற்றலாம், நிலைப்படுத்திய பிறகு. அவசர மையத்தில் ஒரு ராத்திரி, காலையில் பகல் மருத்துவமனை அல்லது கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை என்பது நல்ல சேர்க்கை. கல்லூரிகளில் பல இடங்களில் கட்டணம் குறைவு, ஆனால் வரிசையும் மாணவர் பரிசோதனையும் நேரம் எடுக்கும்.

கேனுலாவை (நரம்பில் போட்ட ஊசிக்குழாய்) கழற்றாமல் கட்டுப்போட்டு அனுப்பச் சொல்லுங்கள், வறண்டுபோன குட்டிக்கு நரம்பு கிடைப்பது சுலபமில்லை. டெஸ்ட் முடிவுகள், கொடுத்த மருந்து, கொடுத்த நேரம் எல்லாம் எழுத்தில் வேண்டும். எக்ஸ்ரேயை ஃபைலாக வாங்குங்கள், திரையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு போனால் அங்கே திரும்ப எடுப்பார்கள். புதிய இடத்தில் ஒரே கேள்வி: "ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டடத்துக்குள் யார் இருப்பார்?" யாரும் இல்லை என்றால் டிரிப்ஸ் குழாயைக் கடித்துப் போட்டாலும் காலைவரை தெரியாது. அதற்கு ராத்திரி வாடகை கட்டுவதைவிட வீட்டில் உங்கள் பக்கத்தில் படுப்பது மேல். மூச்சுத் திணறும் நாயை, வயிறு முறுக்கிய நாயை மாற்றாதீர்கள்.

மருந்துச்_சீட்டு
டிஸ்சார்ஜ் மருந்துகளுக்குச் சீட்டு எழுதி வாங்கி வெளியே வாங்கலாம். டாக்ஸிசைக்ளின், ஓமெப்ரசோல், பிரெட்னிசலோன் எல்லாம் மனித மருந்துக் கடையில் கிடைப்பவைதான். மாத்திரையாகவே வாங்குங்கள். மனிதர்களுக்கான சிரப்புகளில் சைலிட்டால் இனிப்பு இருக்கலாம், கபாபென்டின் திரவம் தெரிந்த உதாரணம். நாய்க்குச் சர்க்கரை சடாரென இறங்கும், ஈரல் கெடும். வலிக்கு ஐபுப்ரோஃபென் "கொஞ்சமா" கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், கூடாது.

வார்டு_நர்ஸ்
ரத்தம் ஏத்தணும்னு சொன்னா, அந்தச் செலவுல ரத்தப் பையோட விலையும் பெருசு. ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட, 25 கிலோவுக்கு மேல இருக்குற நாய் கிடைச்சா டோனராப் பயன்படுத்துவீங்களான்னு கேளுங்க. உண்ணி நோய் டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பாங்க. முதல் தடவை ஏத்துறப்ப நாய்களுக்கு ஆபத்து குறைவு, ரெண்டாவது தடவைன்னா பொருத்தம் பாக்காம ஏத்தக் கூடாது.

எதிர்வாதம்
இதயம் நின்றால் மீட்க முயற்சிக்கவா என்று அட்மிஷன் தாளில் கேட்பார்கள். எல்லாரும் "ஆம்" போடுகிறார்கள். அதையும் பேசிவிடலாம்.

இரவு_டியூட்டி
அது தனிக் கட்டணம் என்று பலருக்குத் தெரியாது. நோயால் இதயம் நின்ற நாயை மீட்டு வீட்டுக்கு அனுப்புவது நூற்றில் ஆறுக்கும் குறைவு. மயக்க மருந்தின்போது நின்றது என்றால் கதை வேறு, அப்போது வாய்ப்பு கணிசமாக அதிகம். எனவே "அறுவையின்போது ஆம், வார்டில் வேண்டாம்" என்று பிரித்து எழுதலாம். பெட்டியில் டிக் மட்டும்தான் போட வேண்டும் என்று சட்டமில்லை.

நிறுத்தும் எல்லையும் இப்போதே வேண்டும். தொகையாக மட்டும் வைக்காதீர்கள், அறிகுறியோடு வையுங்கள்: 48 மணி நேரத்தில் வெள்ளணு ஏறவில்லை, வாந்தி நிற்கவில்லை, சர்க்கரை திரும்பத் திரும்ப இறங்குகிறது என்றால் உட்கார்ந்து பேசுவோம் என்று. கருணைக் கொலை பற்றி நீங்கள் கேட்டால் டாக்டர் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார். அந்தக் கேள்விக்காகப் பெரும்பாலும் அவரே காத்திருப்பார், தாமாக ஆரம்பிக்கத் தயங்குவார்.

நாலுகால்
பேசியாயிற்று. இன்று ராத்திரி மட்டும் அட்மிட், 24 மணி நேரத் தொகை கட்டியாயிற்று. பிளாஸ்மா, உணவு செலுத்தும் குழாய்க்கு முன் போன். நாளை காலை எலக்ட்ரோலைட்டும் வெள்ளணுவும் பார்த்துவிட்டு வெளிநோயாளித் திட்டமா என்று முடிவு. கையிலிருந்ததில் மீதி, அவசர ராத்திரிக்கென்று தனியாக இருக்கிறது. வீட்டில் இன்னொரு நாய் உண்டு, 2 வயது, போன வருட ஊசி தவறிவிட்டது.

வார்டு_நர்ஸ்
அதை நாளைக்குக் காலையில கொண்டுவாங்க, ஆனா காரை விட்டு இறக்காதீங்க. வாசல்ல இருந்து போன் பண்ணுங்க, வெளியில வந்து பாப்பாங்க. சின்ன வயசுல முழுசாப் போட்டிருந்தா பெரும்பாலும் தாங்கும், பூஸ்டர் போடணுமான்னு டாக்டர் சொல்வார். வீட்டுத் தரையை முதல்ல சோப்பு போட்டுக் கழுவுங்க, அழுக்கு மேல பிளீச் ஊத்தினா வேலை செய்யாது. அப்புறம் ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி, 10 நிமிஷம் ஈரமா நிக்கணும். மண் தரைக்கு இது பயன்படாது, குட்டி பேதி போன இடத்துப் பக்கம் பெரியவனை விடாதீங்க. கிண்ணம் ரெண்டுக்கும் தனித்தனி.